அண்ணி குடும்பத்தில் வராது

டம்ளரில் ஊற்றி வைத்த காபி ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. கிளமென்ட் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்!

இருதயம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்திரண்டு வருஷம். வந்த மறுநாள் காலையில் அவள் கையால் பால் வாங்கிக் குடித்த ஆறு வயசுப் பையன் பிறகு காபிக்கு மாறினான், மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது, இப்போது தலை பாதி நரைத்தும்விட்டது. ஆனால் அண்ணி கொடுத்ததைக் குடிக்காமல் அவன் ஒரு நாளும் படியிறங்கியது கிடையாது. கல்யாணத்தன்றுகூட, புதுக் கோட்டில் சிந்திவிடக் கூடாதென்று கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினான்.

பின்கட்டில் ஜெனிட்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிளமென்டின் மனைவி அவள். கோபம் வந்தால் பேசுவதற்கு முன்னால் பாத்திரங்களைப் பேசவிடுவாள்.

“ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை!” என்றாள் கடைசியில், திரும்பாமலே. “மகன்னு சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்தா கொட்டிப் போயிடும்? நாங்க என்ன, இல்லாத உறவையா சொல்லச் சொன்னோம்?”

“ஜெனிட்டா...”

“வேணாம்க்கா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நேத்து ஊர் ஜனம் அத்தனை பேர் முன்னாடியும் சொன்னீங்களே, அது போதும்! அவரு ராத்திரி பூரா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாரு. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததே இல்லக்கா...”

இருதயம்மாள் டம்ளரை எடுத்து ஒரு தட்டால் மூடி வைத்தாள். கொட்ட மனசு வரவில்லை.

நேற்று நடந்தது இதுதான்.

ரோட்டோரத்தில் இருக்கிற மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருதயம்மாள் பேரில் இருக்கிறது. அவள் நகைகளை விற்று வாங்கியது என்பதால், அவள் கணவர் வேதநாயகம் பிடிவாதமாக அவள் பேரிலேயே பத்திரம் முடித்தார். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. உழுவதும் நடுவதும் அறுப்பதும் அவர் தம்பி கிளமென்ட்தான். ஆனால் நிலக் கணக்கான சிட்டாவும் அடங்கலும் அண்ணி பேரில் இருப்பதால், பயிர்க்கடனுக்கும் பயிர்க்காப்பீட்டுக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் அவளே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. முட்டிவலியோடு இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஒரு நாள் அவளே சொன்னாள், “நிலத்தை உன் பேருக்கு எழுதிடறேன்ப்பா. நான் கண்ணை மூடின பிறகு நீ ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது.”

தஞ்சாவூரில் பத்திர எழுத்தர் துரைராசுவின் கடைக்கு மூவரும் போனார்கள். துரைராசு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, “எழுதிக் கொடுக்கறவங்களுக்கும் வாங்கறவருக்கும் என்ன உறவு?”

“அண்ணி.”

துரைராசு பேனாவை வைத்துவிட்டார். “அண்ணி குடும்பத்துல வராதுங்களே.”

“என்னங்க சொல்றீங்க?” என்றாள் ஜெனிட்டா.

“நான் சொல்லலம்மா, சட்டம் சொல்லுது. அப்பா, அம்மா, புருஷன், பெண்டாட்டி, பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க... இவங்களுக்குள்ள தானமா எழுதிக்கிட்டா முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கொஞ்சம்தான். உங்க நிலத்துக்கு அரசாங்க வழிகாட்டி மதிப்பு இருபத்திநாலு லட்சம். குடும்பம்னா முப்பத்திநாலாயிரத்துல முடிஞ்சிடும். அண்ணி, கொழுந்தன்னா வெளியாள் கணக்கு. நூத்துக்கு ஒன்பது. ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம்!”

சம்பா நடவு இப்போதுதான் முடிந்திருந்தது. கையில் இருந்ததெல்லாம் வயலில் இருந்தது. ஜெனிட்டா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

துரைராசு கிளமென்டின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “இதென்ன... உங்க பள்ளிக்கூடச் சர்டிபிகேட்ல தாயார் இருதயம்மாள்னுல்ல இருக்கு? பிறகென்ன சார்! தாய் மகனுக்கு எழுதறதாவே போட்டுடலாம். யாரு கேட்கப் போறா?”

“மாதாவே காட்டின வழி!” என்றாள் ஜெனிட்டா. கிளமென்டின் முகம் மலர்ந்ததை இருதயம்மாள் பார்த்தாள். பணம் மிச்சமாகிறது என்கிற மலர்ச்சி இல்லை அது.

துரைராசு தட்டச்சு செய்து படித்துக் காட்டினார். நான்கெல்லையை அவர் வாசிக்க வாசிக்க அவளுக்கு வேறு என்னென்னவோ கேட்டது. வடக்கே வாய்க்கால் என்றார். அந்த வாய்க்காலில்தான் வேதநாயகம் தம்பியின் இடுப்பில் வாழை மட்டையைக் கட்டி நீச்சல் பழக்கினார். அவள் கரையில் நின்று “போதுங்க, பிள்ளை பயப்படுது” என்று கத்திக்கொண்டிருந்தாள். கிழக்கே வண்டிப்பாதை என்றார். முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளில் அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து, அந்தப் பாதையில்தான் கிளமென்ட் அவளைச் சேற்றில் தள்ளினான். மூன்று பேரும் சிரித்துச் சிரித்துப் புரையேறியது... அந்தச் சிரிப்பில் ஒரு ஆள் இப்போது இல்லை.

“மேற்படி சொத்தை எனது குமாரராகிய...” என்று துரைராசு படித்தார்.

“நிறுத்துங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இவன் நான் பெத்த பிள்ளை இல்லைங்க. எனக்குக் கொழுந்தன். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் இவர்கள் ஊர்க்காரர்களும் உண்டு. கிளமென்ட் முகம் சுண்டிப் போயிற்று. காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் வண்டியை உதைத்தான். பதிவுக்கு வாங்கியிருந்த டோக்கன் வீணாய்ப் போனது. இரண்டு பெண்களும் டவுன் பஸ்ஸில், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள்.

வாசலில் செருப்புச் சத்தம். கிளமென்ட் திரும்பி வந்திருந்தான். மோட்டார் கொட்டகைச் சாவியை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். ஆணியிலிருந்து சாவியை எடுத்தவன், போகாமல் நின்றான்.

“தம்பி... காபி சூடு பண்ணித் தரட்டுமா?”

“எனக்கு எட்டு வயசு இருக்கும்,” என்றான் சுவரைப் பார்த்து. “அம்மை போட்டிருந்துச்சு. வேப்பிலைக்கு நடுவுல கிடந்தேன். நீங்க தலைமாட்டுல உட்கார்ந்திருந்தீங்க. நான் அம்மான்னு கூப்பிட்டேன். ‘அண்ணின்னு சொல்லு’ன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

இருதயம்மாள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஞாபகமா...!

“பள்ளிக்கூடத்துல, ஊர்ல, எல்லாப் பசங்களும் அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு ஓடும். நான் மட்டும் அண்ணி. சரி, ரோஷக்காரி, பெத்தாத்தான் அம்மான்னு நினைக்கிறாங்கன்னு விட்டுட்டேன். ஆனா என் சர்டிபிகேட்ல உங்க பேரு இருக்குல்ல? அதை அப்பப்ப எடுத்துப் பார்த்துக்குவேன் அண்ணி. வாயால கூப்பிட விடலைன்னாலும் எழுத்துல இருக்குன்னு... நேத்து அதையும் பத்துப் பேர் முன்னாடி இல்லைன்னுட்டீங்க.”

“கிளமென்ட், நான் சொல்றதக் கொஞ்சம்...”

“நிலம் வேணாம். உங்க அண்ணன் பிள்ளைங்களுக்கே எழுதிக் கொடுங்க. அவங்கதான் உங்க ரத்தம். நான் கூலிக்கு உழுதுட்டுப் போறேன்!”

சாவி கையில் கிணுகிணுக்க அவன் போய்விட்டான். பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இருதயம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் அவள் கண்முன்னால் வந்தது. கிளமென்டின் அப்பா சவரிமுத்து அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ஆரோக்கியம்மாள், வேதநாயகத்தின் கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது நெஞ்சு நோயில் கண்ணை மூடினாள். வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டுமென்று மேளமில்லாமல் கல்யாணத்தை முடித்தார்கள். வந்த பத்தாவது நாள் இருதயம்மாள் கொழுந்தனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். தலைமை சிஸ்டர் பெரிய புத்தகத்தை விரித்துவைத்து, “அப்பா இல்லையா? சரி... அம்மா பேரென்ன ராஜா?” என்று பையனைக் கேட்டார். அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். வீட்டில் அண்ணன் கூப்பிடுகிற பேர் ஒன்று அவனுக்குத் தெரியும். “இருதயம்,” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அம்மா செத்த பிறகு அந்தப் பிள்ளை சிரித்தது அன்றைக்குத்தான்.

சிஸ்டர் எழுதிவிட்டார். இருதயம்மாள் வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வேதநாயகத்திடம்கூட.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து முகம் கழுவினாள். பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் ஜெனிட்டா, ஈரக்கையோடு ஓடி வந்து. “கீழ்வேளூருக்கா... உங்க அண்ணன் வீட்டுக்கா? அக்கா, அவரு ஏதோ கோபத்துல...”

“வந்து சொல்றேன்மா. சோத்துக்கு உலை வச்சிடு.”

துரைராசுவின் கடையில் அன்று கூட்டமில்லை. பையிலிருந்து எடுத்த புத்தகத்தை இருதயம்மாள் அவர் மேசைமேல் வைத்தாள். தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம்.

“இதுல ரெண்டு லட்சத்துச் சொச்சம் இருக்கு. வெளியாள் கணக்கே போடுங்க. எவ்வளவு ஆகுதோ நான் கட்டிடறேன்.”

“எதுக்கு வச்சிருந்த பணம்மா இது?”

“எங்க வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குக் கல்லறை கட்ட வச்சிருந்தேன். அதுக்கென்ன அவசரம்... சிமெண்ட் இல்லைன்னா மண்ணு வேணாம்னா சொல்லப் போகுது?”

துரைராசு அவளையே பார்த்தார். இந்த மேசையில் எத்தனையோ பேர் இல்லாத உறவைச் சொல்லிக் கட்டணத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள். கூடுதலாகக் கட்டுகிறேன் என்று வந்து நின்ற ஆளை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

“சரிம்மா. வாங்கறவர் விவரம் சொல்லுங்க. சவரிமுத்து குமாரர் கிளமென்ட்...”

“சவரிமுத்து, ஆரோக்கியம்மாள் குமாரர்னு போடுங்க.”

“அப்பா பேரு மட்டும்தாம்மா வழக்கம்.”

“அம்மா பேரைப் போடக் கூடாதுன்னு சட்டமா?”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“அப்ப போடுங்க. ஆ-ரோ-க்-கி-ய-ம்-மா-ள். பெரிசா தெரியற மாதிரி போடுங்க.”

துரைராசு தட்டச்சு செய்தார். பிறகு எழுந்துபோய், வாசலில் நின்று கைப்பேசியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார்.

அரை மணி நேரத்தில் கிளமென்டின் வண்டி சத்தம் கேட்டது. காலில் சேறு காயாமல் அவன் ஓடி வந்தான். பின்னால் ஜெனிட்டா, கையில் ஒரு பிளாஸ்க்.

“கல்லறைப் பணமா எடுத்துட்டு வந்தீங்க?” என்று வாசலிலிருந்தே கத்தினான். “உங்களுக்குக் கல்லறை கட்ட நான் இல்லையா? நான் செத்தா போயிட்டேன்?”

“வாயைக் கழுவுடா!” என்றாள் இருதயம்மாள். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவனை அவள் ‘டா’ போட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

துரைராசு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். கிளமென்ட் படித்தான். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. சவரிமுத்து, ஆரோக்கியம்மாள் குமாரர். அம்மா பேர் அவனுக்குத் தெரியும். கல்லறைத் திருநாளன்று மட்டும், மெழுகுவத்தி கொளுத்தும்போது அண்ணி சொல்லக் கேட்ட பேர். அங்கிருந்த மரச் சிலுவை எப்போதோ மக்கிப்போயிற்று. எழுத்தில் அந்தப் பேரை அவன் இதுவரை பார்த்ததே இல்லை.

“இது எதுக்கு அண்ணி?” என்றான், அந்த வரியில் விரலை வைத்து.

இருதயம்மாள் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“என்னைப் பொண்ணு பார்க்க உங்கம்மா கீழ்வேளூர் வந்தாங்க. ரெண்டு வார்த்தை பேசினா இருமல் வந்துடும். கை கழுவணும்னு சொல்லி என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. ‘நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்மா. சின்னவனை நீ நல்லாப் பார்த்துக்குவே, உன் முகத்துலயே தெரியுது. ஆனா இப்படி ஒருத்தி இருந்தாங்கறதை மட்டும் அவன் மறந்துடாம பார்த்துக்க’ன்னாங்க. நான் தலையாட்டினேன். கொல்லையில நின்னு ஒரு வார்த்தை கொடுத்தேன் தம்பி...”

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“நாலு மாசம் ஆகல. பள்ளிக்கூடத்துல அம்மா பேரென்னன்னு கேட்டாங்க. நீ என் பேரைச் சொன்னே. நான் ‘இல்லைங்க, ஆரோக்கியம்மாள்’னு சொல்லியிருக்கணும். சொல்லலை. நீ சிரிச்சேன்னு சொல்லலை... அது மட்டுமில்ல. எனக்கும் ஆசையா இருந்துச்சுடா! இருபது வயசு. யாரோ பெத்த பிள்ளை என் பேரைச் சொல்லுது. அந்த ஆசையில அவங்க பேரை நான் எடுத்துட்டேன். அதுக்கப்புறம் நீ அம்மான்னு கூப்பிடறப்பல்லாம் அவங்க இருமற சத்தம் கேட்கும். அதான் அண்ணின்னு சொல்லுன்னேன். நீ கூப்பிடறது பிடிக்காமயா சொன்னேன்? அடிவயிறு குளிர்ந்து போயிடும்... அந்த ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேன்.”

“அண்ணி...”

“ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நேத்து அரசாங்கப் பத்திரத்துல மறுபடியும் என் பேரை எழுதினாங்க. வரி குறையுதுன்னு ரெண்டாவது தடவையும் அவங்களை நான் இல்லைன்னு சொல்லணுமா? நீயே சொல்லு.”

கிளமென்ட் அப்படியே அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். சேறும் கண்ணீரும் அவள் சேலையெல்லாம் ஆயிற்று. அவள் அவன் நரைத்த தலையை வருடிக்கொண்டே இருந்தாள், அம்மை போட்டிருந்தபோது வருடிய மாதிரி.

“தப்பு என்னுதுக்கா,” என்று ஜெனிட்டாவும் காலடியில் உட்கார்ந்தாள். “பாத்திரத்தை உடைச்சேன், வாய்க்கு வந்ததைப் பேசினேன்...”

“எந்தப் பாத்திரம் உடைஞ்சுது?” என்று கேட்டாள் இருதயம்மாள் பதறி. அழுகைக்கு நடுவில் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரைராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெனிட்டாதான் முதலில் சுதாரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இப்படியே உட்கார்ந்து அழுதா அடுத்த டோக்கனும் போயிடும்,” என்றாள். “கல்லறைப் பணத்துல ஒரு பைசா எடுக்கக் கூடாது. என் சங்கிலியைச் சங்கத்துல வச்சுக் கட்டுவோம். தை அறுவடையில திருப்பிக்கலாம்.”

“கொடுக்கறவ நான். கட்டறதும் நான்தான்.”

“அப்ப பாதி உங்க புத்தகம், பாதி என் சங்கிலி. இதுக்கு மேல பேசினா வீட்டுல மிச்சப் பாத்திரமும் போயிடும்!”

பதிவு அடுத்த திங்கட்கிழமை. சார்பதிவாளர் ஒரு நடுவயதுப் பெண்மணி. திரையைப் பார்த்தபடி கேட்டார், “யாரோட வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோட எழுதிக் கொடுக்கறீங்களாம்மா?”

“ஆமாங்க.”

“வாங்கறவர் உங்களுக்கு என்ன உறவு?”

“கொழுந்தனுங்க.” இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற கிளமென்ட் தலையையும் குனியவில்லை.

“வாங்கறவர் பேரு?”

“சவரிமுத்து, ஆரோக்கியம்மாள் மகன் கிளமென்ட்,” என்றான் அவன், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

புகைப்படம் எடுத்தார்கள். விரல் ரேகை எடுக்கும்போது அவளுடைய தேய்ந்த பெருவிரலை இயந்திரம் இரண்டு தடவை ஏற்கவில்லை. கிளமென்ட் தன் சட்டை நுனியால் அந்த விரலைத் துடைத்துவிட்டான். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட துரைராசுவுக்கு ஜெனிட்டா நன்றி சொல்லிவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க முன்னால் போனாள்.

வெளியே தூற்றல். ஆபீஸ் வாசல் தகரக் கொட்டகையின் கீழ் இருவரும் நின்றார்கள். கிளமென்ட் ஜெனிட்டா விட்டுப்போன பிளாஸ்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினான். காலையில் அண்ணி போட்டது. ஒரு வாய் குடித்தான். எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினான்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

இருதயம்மாள் பைக்குள் கையைவிட்டு, பதிவு ரசீதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இனி எந்த ஆபீஸில் எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பேர் இருக்கும். நாற்பத்திரண்டு வருஷமாகத் தலையில் தூக்கி வந்ததை அவள் அங்கே இறக்கி வைத்துவிட்டாள்.

“அவங்க பேரு ஏறிடுச்சுல்ல?” என்றாள் மழையைப் பார்த்து. “இனிமே கூப்பிடு.”

கிளமென்டுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை, பிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, உதடு துடிக்க நின்றான்.

“அம்மா...”

“ம்,” என்றாள் அவள். “சொல்லுப்பா.”